சுண்டைக்காய் கால் பணம்!

கடைத்தெருவில் சேலை எடுக்கும் தாய்மார்களைக் கவனித்திருப்பீர்கள். விலையைக் கேட்டதும் பணத்தை எடுத்து நீட்டிவிடமாட்டார்கள். துணியைக் கசக்கிப் பார்ப்பார்கள். வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். "சாயம் போகுமா? இரவிக்கைத் துணி இதிலேயே உண்டா, தனியாக எடுக்கவேண்டுமா? தையற்கூலி எவ்வளவு?" என்று கேள்விமேல் கேள்வி. கடைக்காரருக்குச் சலிப்புத் தட்டும். தட்டட்டுமே! சீட்டில் எழுதிய விலை வேறு, வீடு வந்து சேரும் விலை வேறு என்பதை அந்தத் தாய்க்கு எந்தப் பொருளாதாரப் பேராசிரியரும் கற்றுத்தரவேண்டியதில்லை.

இதே கணக்கை 1980-க்கும் 1986-க்கும் இடையே பிரிட்டனில் பல இலட்சம் குடும்பங்கள் போட்டுப் பார்க்க நேர்ந்தது. எடுக்கப் போன பொருள் சேலை அல்ல, கணிப்பொறி! வீட்டுக் கணிப்பொறி!

அதற்கு முன்பே அமெரிக்காவில் கடை விரித்துவிட்டார்கள். 1977-ம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தார் தங்கள் இரண்டாவது பொறியை 1,298 டாலர் என்றார்கள். நினைவகம் 4 கிலோபைட், திரை கிடையாது. அதே ஆண்டில் ரேடியோ ஷாக் கடைக்காரர்கள் தங்கள் டி.ஆர்.எஸ். 80 பொறியை, திரையும் ஒலிநாடாப் பெட்டியும் சேர்த்து 599.95 டாலர் என்றார்கள். ஒருவர் இரவிக்கைத் துணியோடு விற்றார். மற்றவர் தனியாக எடுத்துக்கொள் என்றார். ஆனால் இரண்டுமே தொழிலாளியின் வீட்டு வாசற்படியைத் தாண்டும் விலை அல்ல.

அந்த வாசற்படியைத் தாண்டிக் காட்டுகிறேன் என்று புறப்பட்டவர் கிளைவ் சின்க்ளேர் என்ற ஆங்கிலேயர். 1980-ல் இசட்.எக்ஸ். 80 என்ற பொறியை 99.95 பவுனுக்கு விற்றார். நூறு என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நம் ஊர்ச் செருப்புக்கடைக் கணக்கு! உதிரிகளை வாங்கி நாமே பற்றவைத்துக்கொண்டால் 79.95 பவுன். மறு ஆண்டே இசட்.எக்ஸ். 81 வந்தது. முடிந்த பொறி 69.95, உதிரியாக வாங்கினால் 49.95. முந்தைய பொறியில் 21 சில்லுகள் இருந்தன, இதில் நான்கே! பதினெட்டு சில்லுகளின் வேலையை ஒரே சில்லுக்குள் அடக்கினார்கள்; விலை சரிந்தது. தபாலில் மட்டும் கிடைத்துவந்த கணிப்பொறி, புத்தகமும் பத்திரிகையும் விற்கும் கடைகளின் அலமாரிக்கு வந்தது.

திறமைதான், மறுப்பதற்கில்லை. 15 இலட்சத்துக்குமேல் விற்றது என்றால் சும்மாவா?

ஆனால் பெட்டியைப் பிரித்துப் பார்ப்போம்.

உள்ளே இருந்த நினைவகம் ஒரே ஒரு கிலோபைட். 1,024 ஆங்கில எழுத்துகளுக்கு இடம். அதிலும் திரையில் தெரிவதற்கென்று ஒரு பகுதி போய்விடும். ஒரு பக்கக் கடிதத்துக்குக் காணாது. வாங்கிய பையன் இரண்டே வாரத்தில் அந்தச் சுவரில் முட்டிக்கொள்வான். கவலை வேண்டாம், 16 கிலோபைட் நினைவகப் பெட்டி ஒன்று தனியே விற்கிறோம், பின்னால் செருகிக்கொள் என்றார் சின்க்ளேர். அதன் விலை என்ன தெரியுமா? 49.95 பவுன்!

உதிரிகளாக வாங்கிய பொறியும் 49.95, அதற்கு நினைவாற்றல் தரும் பெட்டியும் 49.95! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டிமார்கள் சொன்னது கேம்பிரிட்ஜ் நகரத்துக்கு எட்டாமல் போயிற்று போலும்.

கொடுத்த பணத்துக்கு அந்தப் பெட்டியாவது ஒழுங்காக நின்றதா என்றால், அதுவும் இல்லை. பொறியின் பின்புறம் தொங்கிக்கொண்டிருக்கும். விசையைக் கொஞ்சம் அழுத்தித் தட்டினால் அசையும். அசைந்தால் தொடர்பு அறும். அறுந்தால் இரண்டு மணி நேரம் தட்டிவைத்த வேலை அத்தனையும் ஆவி! அந்நாட்டுப் பிள்ளைகள் சுவரொட்டி ஒட்டும் பசையை உருட்டி வைத்தும், நாடா சுற்றியும் அந்தப் பெட்டியைக் கட்டிப்போட்டார்கள். ஒரு தலைமுறையே அந்த ஆட்டத்தை இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. அன்று சிரித்திருக்கமாட்டார்கள்.

விலையைப் பற்றி இவ்வளவு. எளிமையைப் பற்றி?

இங்கே சின்க்ளேருக்கு நியாயம் செய்யவேண்டும். அவருடைய பொறியில் 'பிரிண்ட்' என்று ஐந்து எழுத்தைத் தட்டவேண்டியதில்லை. 'பி' என்ற ஒரு விசையைத் தொட்டால் முழுச் சொல்லும் திரையில் வந்து நிற்கும். சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் புதிதாகக் கற்பவனுக்கு எழுத்துப் பிழை வராது. வரியில் தவறிருந்தால் பொறி அதை ஏற்கவே ஏற்காது; குறியிட்டுக் காட்டும். உடன் வந்த கையேடும் நல்ல கையேடு. ஒன்றும் தெரியாதவனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் நடை. ஆனால் விசைப்பலகை? எழும்பவும் அமுங்கவும் செய்யாத தட்டைத் தகடு. விரலுக்குத் தெரியாது, கண்தான் பார்க்கவேண்டும். அடுத்து வந்த ஸ்பெக்ட்ரம் பொறியில் ஒரே விசையின்மீதும் அதைச் சுற்றியும் ஐந்தாறு சொற்கள் அச்சிட்டிருந்தார்கள். எந்தச் சொல் எந்த விசையில், எந்த இரண்டை ஒருசேர அழுத்தினால் எது வரும் என்று தேடுவதற்குள் நினைத்தது மறந்துபோகும். முதல் நாள் எளிது, முப்பதாம் நாள் தொல்லை என்ற வகை.

இந்தக் கட்டத்தில்தான் பொதுத்துறை உள்ளே நுழைகிறது. நாம் கூர்ந்து கவனிக்கவேண்டிய இடம் இது.

பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம், மக்களுக்குக் கணிப்பொறி அறிவு புகட்டுவதற்கு ஒரு திட்டம் வகுத்தது. தொலைக்காட்சியில் பாடம் நடத்துவது. பாடத்துக்கு ஏற்ற பொறி ஒன்றையும் தன் பெயரிலேயே விற்கச் செய்வது. சின்க்ளேர் போட்டியிட்டார், கிடைக்கவில்லை. அவரிடம் பணியாற்றி வெளியேறிய கிறிஸ் கரியும், ஹெர்மன் ஹவுசரும் 1978-ல் தொடங்கிய ஏக்கார்ன் நிறுவனத்துக்குக் கிடைத்தது. 1981 டிசம்பரில் பி.பி.சி. மைக்ரோ வந்தது. 16 கிலோபைட் கொண்ட 'ஏ' வகை 235 பவுன். 32 கிலோபைட் கொண்ட 'பி' வகை 335. சில வாரங்கள்தான்! அடக்கவிலை கட்டவில்லை என்று 299 ஆகவும் 399 ஆகவும் ஏற்றிவிட்டார்கள்.

விலையைக் கேட்டால் மூச்சு நிற்கும். ஆனால் சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தட்டச்சுப்பொறிக்கு உள்ளது போன்ற முழு விசைப்பலகை. அச்சுப்பொறியைப் பொருத்த இடம், வட்டு இயக்கியைப் பொருத்த இடம், பள்ளியில் உள்ள எல்லாப் பொறிகளையும் ஒன்றோடொன்று இணைக்க இடம், வெப்பமானியையும் சிறு மோட்டாரையும் இணைத்துச் சோதனை செய்ய இடம். 'ஏ' வகையில் இவற்றில் சில இரா. 'பி' வகையில் வட்டுக்கும் இணைப்புக்கும் சில சில்லுகள் பின்னால் வாங்கிச் சேர்க்கவேண்டும். ஆனாலும் இடம் இருந்தது, எதுவும் பின்னால் தொங்கி ஆடவில்லை! சோஃபி வில்சன் என்ற இளம் பொறியாளர் ஆக்கிய பேசிக் மொழி அன்றைய வீட்டுக் கணிப்பொறிகளில் வேகமானது, ஒழுங்கானது. நீளமான நிரலைச் சிறு சிறு செயல்களாகப் பிரித்துப் பெயரிட்டு எழுத அது பழக்கியது. குறையே இல்லையா? இருந்தது. முதலில் வந்த பொறிகளில் மின்வழங்கி சூடேறித் தொல்லை கொடுத்தது. பணம் கட்டியவர்கள் மாதக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள்.

ஆக, 399 பவுன் பொறி யாருக்காக? அரசு விடை சொன்னது: பள்ளிகளுக்காக. 1981-ல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு, பொறி வாங்கும் செலவில் பாதியைத் தொழில்துறை அமைச்சகமே ஏற்கும் என்று அறிவித்தார்கள். மறு ஆண்டு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரித்தார்கள். செலவைக் குறை, வரியைக் குறை, எல்லாவற்றையும் சந்தைக்கு விடு என்று முழங்கிய தாட்சர் அம்மையாரின் அரசு அது! அந்த அரசே, கணிப்பொறி என்று வந்ததும் பொதுப்பணத்தை எடுத்து நீட்டவேண்டியதாயிற்று. சந்தை தானாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து வராது என்பது அவர்களுக்கும் தெரிந்தே இருந்தது.

பள்ளியில் அது. வீட்டில்?

தொலைக்காட்சியில் கணிப்பொறிப் பாடம் தொடங்கிய 1982 ஜனவரி மாதத்தில்தான் பிரிட்டனில் வேலையற்றோர் தொகை 30 இலட்சத்தைத் தாண்டியது. ஆலைகள் மூடப்பட்டுக்கொண்டிருந்தன. வேலை இழந்த தந்தை, வருங்கால வேலையெல்லாம் கணிப்பொறியில்தான் என்று செய்தித்தாளில் படிக்கிறார். பிள்ளையாவது பிழைத்துக்கொள்ளட்டும் என்று நினைக்கிறார். அவரிடம் போய் 399 பவுன் என்றால்?

அந்த ஆண்டு ஏப்ரலில் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் பொறியைக் கொண்டுவந்தார். 16 கிலோபைட் 125 பவுன். 48 கிலோபைட் 175. வண்ணம் உண்டு, ஒலி உண்டு. விசைகள் அழிப்பான் ரப்பரைப் போல் இருக்கும். செத்த சதையைத் தொடுவது போலிருக்கிறது என்று கேலி பேசியவர்கள் உண்டு. அடுத்தடுத்த சிறு கட்டங்களில் இரண்டு நிறங்களுக்குமேல் நிற்காது. ஓடுகிற வீரன் மரத்தைக் கடந்தால் மரத்தின் பச்சை அவன்மேல் ஒட்டிக்கொள்ளும்! ஆனால் நினைவகமோ பி.பி.சி. 'பி' வகையைவிட அதிகம். விலையோ பாதிக்கும் குறைவு. 1983-ல் 99.95-க்கும் 129.95-க்கும் இறக்கினார்கள். ஐம்பது இலட்சத்துக்குமேல் விற்றது.

சுமைகூலி இங்கும் இருந்தது. ஆனால் கொஞ்சம் மறைவாக இருந்தது. திரை எங்கே? வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிதான். நிரலைச் சேமிக்க? வீட்டில் பாட்டுக் கேட்கும் ஒலிநாடாப் பெட்டிதான். இரண்டும் ஏற்கெனவே இருக்கும் என்பது சின்க்ளேரின் கணக்கு. பணத்தில் அந்தக் கணக்கு சரி. வீட்டில்? இருப்பது ஒரே தொலைக்காட்சி. தந்தை செய்தி பார்க்கவேண்டும், தாய் தொடர் நாடகம் பார்க்கவேண்டும், பையன் கணிப்பொறி படிக்கவேண்டும். எத்தனை வீடுகளில் எத்தனை வழக்கு நடந்திருக்கும்! நாடாவில் இருந்து 48 கிலோபைட் ஏற்ற ஐந்து நிமிடம் போல ஆகும். கீச்சுக்குரலில் அலறிக்கொண்டே ஏறும். ஒலி கூடினாலும் ஏறாது, குறைந்தாலும் ஏறாது. நான்கே முக்கால் நிமிடம் ஏறிவிட்டுக் கடைசியில் கைவிரிக்கும். திருகியை ஒரு மயிரிழை திருப்பி, மறுபடி முதலில் இருந்து! கம்மடோர் 64 வாங்கியவர்களுக்கு இந்தத் திருகித் தொல்லை குறைவு. ஏனென்றால், அந்த நிறுவனத்தாரின் சொந்த ஒலிநாடாப் பெட்டியைத் தனி விலை கொடுத்து வாங்கவேண்டும்! வீட்டுப் பெட்டி அதில் பொருந்தாது. ஒருவர் பணமாக வாங்கிக்கொண்டார், மற்றவர் பொறுமையாக வாங்கிக்கொண்டார்.

படிப்புக்கென்று வாங்கிய பொறியில் பிள்ளைகள் விளையாட்டைத்தான் ஏற்றினார்கள் என்று ஒரு குறை உண்டு. உண்மைதான். ஆனால் அந்தக் குறையை நான் முழுதாக ஏற்கமாட்டேன். இதழ்களில் பக்கம் பக்கமாக நிரல்கள் அச்சாகி வரும். நாலு பக்க நிரலை எழுத்தெண்ணித் தட்டி, அது ஓடாமல், எந்த வரியில் எந்தப் புள்ளி விட்டது என்று இரவெல்லாம் தேடிய பையனுக்குக் கிடைத்த பயிற்சி சாதாரணமானதல்ல. விளையாட்டை வாங்கப் பணமில்லாதவன் விளையாட்டை எழுதக் கற்றான்.

உண்மையான குறை வேறு. பள்ளியில் பி.பி.சி., வீட்டில் ஸ்பெக்ட்ரம். இரண்டுக்கும் பேசிக் என்றே பெயர். ஆனால் ஒன்றின் நாடா மற்றதில் ஏறாது, ஒன்றின் சொல் மற்றதற்குப் புரியாது. வகுப்பில் தொடங்கிய வேலையை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. யாருடைய வீட்டில் 399 பவுன் இருந்ததோ அவருடைய பிள்ளைக்கு மட்டும் பள்ளியும் வீடும் ஒரே மொழி பேசின. பாதிச் செலவைப் பள்ளிக்குக் கொடுத்த அரசு, இந்த இடைவெளியைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. ஏக்கார்ன் யோசித்தது. 1983-ல் எலெக்ட்ரான் என்ற தம்பிப் பொறியை 199 பவுனுக்குக் கொண்டுவந்தது, பி.பி.சி. நிரல்கள் பெரும்பாலும் அதில் ஓடும். ஆனால் கிறிஸ்துமஸ் விற்பனைக்குப் பொறி போதவில்லை. மறு ஆண்டு குவித்து வைத்தபோது வாங்க ஆளில்லை.

அந்த 1984 கிறிஸ்துமஸ் சமயத்தில் நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். சின்க்ளேர் பொறிகள் எத்தனை பழுதாகித் திரும்பி வருகின்றன என்று குத்திக்காட்டி ஏக்கார்ன் ஒரு விளம்பரம் செய்தது. சினம் கொண்ட சின்க்ளேர், கேம்பிரிட்ஜ் மதுக்கடை ஒன்றில் கிறிஸ் கரியைக் கண்டதும், சுருட்டிய செய்தித்தாளால் அடித்தார் என்று ஏடுகளில் வந்தது. இருவரும் கோடீசுவரர்கள்! செய்தித்தாளுக்கு இப்படியும் ஒரு பயன்!

அடித்துக்கொண்ட இருவருமே நிலைக்கவில்லை. 1985-ல் ஏக்கார்ன் இத்தாலியின் ஒலிவெட்டி கைக்குப் போயிற்று. சின்க்ளேர், 1984-ல் அரைகுறையாக வெளியிட்ட கியூ.எல். பொறியின் பின்னால் ஒரு சில்லைத் தொங்கவிட்டு அனுப்பும் நிலைக்கு வந்து, 1986 ஏப்ரலில் கணிப்பொறித் தொழிலையே 50 இலட்சம் பவுனுக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் ஆலன் சுகர், ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்தார்.

இந்த சுகர் பெரிய விஞ்ஞானி அல்லர். சந்தையில் சரக்கு விற்று மேலே வந்தவர். அதனால்தானோ என்னவோ, அந்தத் தாய்மார்களின் கேள்வி அவருக்குப் புரிந்தது. 1984-ல் அவர் விற்ற பொறியில் திரையும் உண்டு, ஒலிநாடாப் பெட்டியும் உள்ளேயே உண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுவரில் செருக ஒரே ஒரு மின்செருகி. வீட்டுத் தொலைக்காட்சியை யாரும் பிடுங்கவேண்டியதில்லை. 1985-ல் திரை, வட்டு இயக்கி, அச்சுப்பொறி, எழுதும் நிரல் அத்தனையும் சேர்த்து 399 பவுனும் வரியும் என்று ஒன்றை விற்றார். எழுத்தாளர்களும் சிறு கடைக்காரர்களும் தட்டச்சுப்பொறியை ஒதுக்கிவைத்தார்கள். வேகமான பொறியல்ல, அழகான பொறியும் அல்ல. ஆனால் சீட்டில் எழுதிய விலையும் வீடு வந்து சேர்ந்த விலையும் ஒன்றாக இருந்தன. என்னைக் கேட்டால், அந்தப் பத்தாண்டில் 'எளிது' என்ற சொல்லுக்கு நேர்மையாகப் பொருள் கண்டவர் அவரே என்பேன்.

மலிவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்த 69.95 பவுன் பொறியையும் 125 பவுன் பொறியையும் பூட்டிக் கொடுத்தவர்கள் யார்? ஸ்காட்லாந்தில் டண்டி நகரத்து டைமெக்ஸ் ஆலைத் தொழிலாளர்கள்; பெரும்பாலோர் பெண்கள். கடிகாரம் செய்துகொண்டிருந்த கைகள் அவை. 1993 ஜனவரியில் ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள்; வேலையைவிட்டே நீக்கப்பட்டார்கள்; ஆகஸ்டில் ஆலையே மூடப்பட்டது. ஆனால் அந்த ஊரில் ஸ்பெக்ட்ரம் வீட்டுக்கு வீடு புகுந்திருந்தது. டைமெக்ஸ் ஆலையில் வேலை பார்த்த டேவிட் ஜோன்ஸ் என்ற இளைஞர் தொடங்கிய நிறுவனம் 1991-ல் லெம்மிங்ஸ் என்ற விளையாட்டையும், 1997-ல் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ என்ற விளையாட்டையும் உலகுக்குக் கொடுத்தது. சணலுக்குப் பெயர்போன டண்டி, இன்று கணிப்பொறி விளையாட்டுக்குப் பெயர்போன ஊர்.

பி.பி.சி. மைக்ரோ இந்தியாவுக்கும் வந்தது. 1984-85-ல் பள்ளிகளில் கணிப்பொறி அறிவு பரப்ப மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் முதலில் 250 பள்ளிகளுக்கு அதையே கொடுத்தார்கள். இத்தனை பெரிய நாட்டுக்கு 250! அரசு கொடுப்பதால் பிள்ளைக்கு விலைத் தொல்லை இல்லை. எளிமை? பொறியை முடுக்கினால் திரையில் ஆங்கிலம். தட்டவேண்டிய கட்டளை ஒவ்வொன்றும் ஆங்கிலம். ஆங்கிலேயச் சிறுவனுக்கு 'பிரிண்ட்', 'லிஸ்ட்', 'ரன்' எல்லாம் தாயிடம் கேட்ட சொற்கள். பொறியின் தர்க்கம் மட்டுமே புதிது. தாய்மொழியில் படித்துவந்த இந்தியச் சிறுவனுக்குச் சொல்லும் புதிது, தர்க்கமும் புதிது. இரண்டு சுமையை ஒரே தலையில் ஏற்றிவிட்டு, பையன் மெதுவாக நடக்கிறான் என்று மதிப்பெண் போடுவது என்ன நியாயம்? அந்த நாளைய விலைப்பட்டியல் எதிலும் இந்தச் சுமைகூலிக்கு ஒரு கட்டம் இல்லை.

பி.பி.சி. மைக்ரோ விற்ற பணத்தில் ஏக்கார்ன் ஒரு காரியம் செய்தது. சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் சொந்தமாக ஒரு செயலியை வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரலில் முதல் சில்லு ஓடியது. விலை உயர்ந்த பீங்கான் உறை கட்டாது, மலிவான பிளாஸ்டிக் உறையில் அடங்கவேண்டும், ஆகவே சூடேறக்கூடாது, ஆகவே மின்சாரம் மிகக் குறைவாகத்தான் உண்ணவேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். காசை மிச்சம் பிடிக்கப் போட்ட அந்தக் கணக்குதான் ஆர்ம் என்ற பெயரில் இன்று உலகத்தின் கைபேசிகளில் பெரும்பாலானவற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் சட்டைப்பையிலும் இருக்கும்.

அதே கேம்பிரிட்ஜில் இருந்து 2012 பிப்ரவரியில் ராஸ்பெரி பை என்ற சிறு பலகை வந்தது. பிள்ளைகள் மீண்டும் நிரல் எழுதவேண்டும் என்பது நோக்கம். 'பி' வகை 35 டாலர். 'ஏ' வகை பின்னால் 25 டாலர். பெயரைப் பாருங்கள்: பி.பி.சி. மைக்ரோவின் 'ஏ', 'பி' தான்! உள்ளே ஓடுவதும் ஆர்ம்தான். அகமகிழ்ந்து வாங்கியவர்கள் பெட்டியைப் பிரித்தால் வெறும் பலகை. விசைப்பலகை தனி, மின்வழங்கி தனி, நினைவக அட்டை தனி, திரை தனி. 35 டாலர் பலகைக்குக் கூட வரும் சாமான்களின் பட்டியல் பலகையைவிட நீளம்! 2020 நவம்பரில் ஒருவழியாக அதை விசைப்பலகைக்குள்ளேயே அடக்கி 70 டாலருக்குத் தந்தார்கள். சுட்டி, மின்வழங்கி, அட்டை, கையேட்டுப் புத்தகம் எல்லாம் சேர்த்து நூறு டாலர். பார்ப்பதற்கு ஸ்பெக்ட்ரமின் பேரப்பிள்ளை போலவே இருந்தது. திரை மட்டும் அதிலும் இல்லை; வீட்டுத் தொலைக்காட்சியில்தான் பொருத்திக்கொள்ள வேண்டும்.